டிராக்டர் கவிழ்வது ஏன்?

"நன்றாகத்தான் ஓட்டினார், எப்படிக் கவிழ்ந்தது என்றே தெரியவில்லை" என்று கிராமங்களில் சொல்லக் கேட்கிறோம். டிராக்டர் காரணமின்றிக் கவிழ்வதில்லை. எடை, விசை, இயக்கம் ஆகியவற்றை அறிந்துகொண்டால் காரணம் விளங்கும், விபத்தையும் தவிர்க்கலாம்.

எடை மையம்

பூமி ஒரு பொருளைக் கீழ்நோக்கி இழுக்கும் விசையே அதன் எடை. டிராக்டரின் எடை முழுவதும் பின் அச்சுக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளியில் இருப்பதாகக் கொள்ளலாம். அப்புள்ளிக்கு நேர் கீழேயுள்ள இடம் சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும்வரை டிராக்டர் நிற்கும். வெளியே சென்றால் கவிழும்.

சேற்றில் சிக்கினால்

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விளக்கினார். என்ஜின் பின் சக்கரத்தை முன்னோக்கிச் சுழற்றும்போது, எதிர்விசை டிராக்டரின் உடலைப் பின்னோக்கித் திருப்ப முயல்கிறது. சக்கரம் சேற்றில் இறுகிச் சுழல முடியாமல் போனால் முன் சக்கரங்கள் மேலே எழும். இரண்டொரு விநாடிகளில் டிராக்டர் ஓட்டுபவர் மீதே மல்லாந்துவிடும். குதிக்க நேரம் இராது. எனவே சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னால் ஏற்ற முயலக்கூடாது. பின்னோக்கியே எடுக்க வேண்டும். முடியாவிட்டால் வேறு டிராக்டரைக் கொண்டு இழுக்க வேண்டும்.

சங்கிலி மாட்டும் இடம்

தரையிலிருந்து 40 செ.மீ. உயரத்தில் மாட்டிய சங்கிலியை 80 செ.மீ. உயரத்தில் மாட்டினால், அதே சுமைக்கு டிராக்டரைப் பின்னால் சாய்க்கும் விளைவு இருமடங்காகும். ஆகவே பின்புறத் தாழ்ந்த இழுவைப் பட்டையில் மட்டுமே மாட்டுங்கள். கிளட்சை மெதுவாக விடுங்கள்.

வேகமும் சுமையும்

ஓடும் பொருள் தானாக நிற்காது. மணிக்கு 18 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்து 5 மீட்டரில் நிற்கும் வண்டி, அதே பிடிப்பில் 36 கி.மீ. வேகத்தில் நிற்க 20 மீட்டர் தேவை. வேகம் இருமடங்கானால் தூரம் நான்கு மடங்கு! வளைவில் பக்கவாட்டில் சாய்க்கும் விளைவும் அவ்வாறே பெருகும்.

கவனத்தில் கொள்க:

1. சாலையில் இரு பிரேக் பெடல்களையும் இணைத்தே ஓட்டுங்கள்.

2. பாரம் ஏற்றிய டிரெய்லருடன் இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள். இறங்கத் தொடங்குமுன்பே தாழ்ந்த கியருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

3. வரப்பு, வாய்க்கால் ஓரங்களை ஒட்டி ஓட்டாதீர்கள்.

4. மட்கார்டில் பிள்ளைகளை உட்கார வைக்காதீர்கள்.

இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. டிராக்டரை ஓட்டும் உங்கள் மகனுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.