அடுப்பங்கரைப் புகை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

மார்கழிப் பனியில் நமத்துப்போன சவுக்கு மிளாறை அடுப்பில் திணித்து, ஊதாங்குழலை வாயில் வைத்துக் குனிந்து ஊதுகிற ஒரு தாய், ஒவ்வோர் ஊதலுக்கும் முன்னால் நெஞ்சு நிறைய இழுத்துக்கொள்ளும் காற்று அடுப்பின் வாய்க்கு ஒரு முழ தூரத்துக் காற்றே என்பதை, அவள் பக்கத்தில் சற்று நேரம் உட்கார்ந்து பார்த்தாலொழிய நாம் உணர்வதில்லை. வீட்டுப் புகையைப் பற்றி நிலவும் அபிப்பிராயங்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில் உட்காராதவர்களால் சொல்லப்பட்டவை.

"விறகுப் புகை இயற்கையானது, கண்ணைக் கரிக்குமேயொழிய உடம்பைக் கெடுக்காது, எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வாழவில்லையா?" என்பார்கள். பாட்டி வாழ்ந்தது மெய். ஆயின் அவளோடு ஒத்த வயதில் இருமி இருமி இளைத்துப்போனவர்களை இந்த வாதத்தில் யாரும் சாட்சிக்கு அழைப்பதில்லை. விறகும் வறட்டியும் அரைகுறையாக எரியும்போது எழுகிற, இரண்டரை மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் தொண்டையில் தங்காமல் சுவாசகோசத்தின் அடிவரை இறங்குகின்றன. பீடியைத் தொட்டறியாத ஸ்திரீகளுக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய் வருவதற்கும், குழந்தைகளுக்கு நிமோனியா வருவதற்கும் அவை முக்கிய காரணங்களுள் ஒன்று. வீட்டுக்குள் எழும் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

விறகில் வெந்தால்தான் ருசி என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. மண்சட்டியும் நிதானமான தீயும் தருகிற ருசி அது; அதே சட்டியை எரிவாயு அடுப்பின் சிறுதீயிலும் ஏற்றலாம்.

புகைபோக்கி வைத்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இவற்றினும் மதிக்கத்தக்கது. நல்ல மனிதர்கள் பலர் அதற்காக உழைத்திருக்கிறார்கள். 1950களில் ஐதராபாத்தில் எஸ். பி. ராஜு என்னும் பொறியாளர் புகையில்லா அடுப்பை ஏழை வீடுகளுக்கென வகுத்தார். 1980களில் மத்திய அரசாங்கம் அத்தகைய அடுப்புகளை நாடெங்கும் பரப்ப முயன்றது. ஆயினும் ஒடிசாக் கிராமங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்த ஓர் ஆராய்ச்சி, முதலாண்டில் குறைந்த புகை பின்னர் பழையபடியே ஆனதைக் கண்டது. களிமண் விரிசல் விட்டு, குழாயில் கரி அடைத்தபோது செப்பனிட ஆளுமில்லை, ஓய்வுமில்லை. குழாய் செவ்வையாக இருந்தாலும் கூரைக்கு மேல் போன புகை, பக்கத்து வீட்டு ஜன்னல் வழியே திரும்பி வரத்தான் செய்கிறது.

அப்படியானால் எரிவாயு வந்ததும் எல்லாம் தீர்ந்ததா? விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களின் கர்ப்பிணிகளும் சேர்ந்த, நான்கு நாடுகளில் நடந்த பெரிய பரிசோதனை ஒன்றில், எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் கன மீட்டருக்கு 24 மைக்ரோகிராமாக இருந்தது; பெறாதவர்களுக்கோ அது 71. குழந்தைகளின் பிறப்பு எடையிலோ சொல்லத்தக்க வேறுபாடு காணவில்லை. இதைக் கொண்டு புகை நிரபாயம் என்று தீர்ப்பளிப்பது அவசரம். உலக சுகாதார நிறுவனம் விரும்பும் ஆண்டுச் சராசரி 5 மட்டுமே; தவிர, கர்ப்பத்தின் சில மாதங்களில் தாய்க்குக் கிடைத்த நல்ல காற்று அவள் முன்பு சுவாசித்த ஆண்டுகளை அழித்துவிடாது. சிலிண்டர் வந்த பிறகும் நம் வீடுகளின் கொல்லையில் வெந்நீர் அடுப்பு தென்னை மட்டையில் எரிகிறது; மாதக் கடைசியில் சிலிண்டர் தீரும்போது பழைய அடுப்பும் பற்றவைக்கப்படுகிறது. பணம் இல்லாததால் பற்றவைப்பவளைக் கண்டிப்பதில் நியாயமில்லை. சிலிண்டரின் விலை அவள் கைக்கு எட்டுவதாக இருக்கவேண்டும்.

எல்லாவற்றிலும் கொடிய மயக்கம், கரியில் புகை இல்லை, ஆகையால் தீங்கும் இல்லை என்பது. உதகையிலும் கொடைக்கானலிலும் இரவுக் குளிருக்காகச் சட்டியில் கரிக்கங்கை அள்ளிவைத்து, கதவையும் ஜன்னலையும் சாத்திக்கொண்டு படுத்தவர்கள் விடியற்காலையில் எழாமற்போனதுண்டு. கங்கிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, வாசனையுமில்லை. பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் அது இரத்தத்தைப் பிடித்துக்கொள்வதால் தலைவலியும் மயக்கமும் வருகின்றன; தூங்குகிறவனுக்கு அவை தூக்கமாகவே தோன்றும். ஜன்னலில் ஒரு விரற்கடை இடைவெளி விட்டால் ஆபத்து நீங்கிவிடாது. படுக்கப்போகுமுன் கரிச்சட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, இன்னொரு கம்பளியை எடுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டும்.