படகு அடுப்பும் எரிவாயுக் குழாயும்

கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பகுதி மீனவர் ஆழ்கடலுக்குச் சென்றால் கரை திரும்பப் பல வாரங்கள் ஆகும். அத்தனை நாளும் சோறும் குழம்பும் படகிலேயே ஆக வேண்டும். அவ்வேலைக்கு இன்று பல விசைப்படகுகளில் எரிவாயு அடுப்பே பயன்படுகிறது. நெசவாளரும் பயிர்த்தொழில் செய்வோருமாகிய நம் உறுப்பினரின் வீடுகளில் எரிவதும் அதே வாயுதான். எனினும் இப்பாடத்தைப் படகிலிருந்து தொடங்குவது தக்கது. வீட்டில் சிறு சேதத்தோடு போகும் பிழை, படகில் உயிர்களையே கொண்டுபோய்விடும்.

அடுப்பு, சிலிண்டர், ரெகுலேட்டர் ஆகியவை உலோகத்தாலானவை, நெடுநாள் உழைப்பவை. இவற்றை இணைக்கும் நெகிழ்குழாய், அதாவது நாம் ‘கேஸ் டியூப்’ என்று வழங்குவது, விலையில் மிகச் சிறியது. ஆயுளிலும் மிகச் சிறியது. ஆதலால் நம் கவனம் முதலில் செல்ல வேண்டிய இடம் அதுவேயாகும்.

1. படகில் ஏன் மிகுந்த எச்சரிக்கை?

சமையல் வாயு புரோப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. அது காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. கசிந்தால் மேலே எழாது, தண்ணீரைப்போல் தாழ்ந்த இடம் தேடி ஓடும். வீட்டிலே கதவைத் திறந்தால் வாசல் வழியே வெளியேறும். படகோ ஒரு கிண்ணம். கசிந்த வாயு அடிப்பள்ளத்தில் தங்கும். எஞ்சினும் மின்கலமும் பெரும்பாலும் அவ்விடத்திலேதான் இருக்கின்றன.

சிறு கணக்கு ஒன்றைப் பார்ப்போம். காற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு இவ்வாயு கலந்தாலே தீப்பற்றும். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 18,000 லிட்டர். அதில் நூற்றுக்கு இரண்டு என்பது 360 லிட்டர். ஒரு கிலோ வாயு ஆவியாகப் பரவினால் 400 லிட்டருக்குக் குறையாது. 14.2 கிலோ சிலிண்டரில் ஒரு கிலோவுக்கும் குறைவாகக் கசிந்தாலே அந்த அறை முழுவதும் ஆபத்தாகிவிடும். வாயு தரையோரம் தேங்குவதால் இன்னும் குறைந்த அளவே போதும்.

கசிவை அறியவே வாயுவில் நாற்றப் பொருள் சேர்க்கப்பட்டுள்ளது. ஆனால் மீன் வாடையும் டீசல் வாடையும் நிறைந்த படகில் அந்நாற்றத்தை நம்பி உறங்குவது அறிவுடைமையாகாது.

2. எந்தக் குழாய்?

தடித்த குழாயெல்லாம் நல்ல குழாய் என்பது தவறான எண்ணம். மருந்து தெளிக்கும் குழாய் பெரும் அழுத்தத்தைத் தாங்கும். எனினும் அது எரிவாயுவுக்கு உரியதன்று. தண்ணீர் விடும் பிளாஸ்டிக் குழாய், வெப்பத்தில் இளகியும் நாளடைவில் விறைத்து வெடித்தும் போகும்.

குமரி மாவட்டத்தில் ரப்பர் பயிரிடுவோர் ஒன்றை அறிவர்: இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பதங்கெடும். சமையல் வாயுவும் எண்ணெய் இனத்தைச் சேர்ந்ததே. ஆதலால் எரிவாயுக் குழாயின் உட்சுவர், எண்ணெய்க்கு அசையாத நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பரால் செய்யப்படுகிறது. அதன்மேல் நூலோ எஃகுக் கம்பியோ பின்னி வலுவூட்டுகின்றனர். பாவும் ஊடையும் துணிக்கு வலிமை தருவதுபோல் இப்பின்னல் குழாய்க்கு வலிமை தருகிறது. அதன்மேல் வெளியுறை.

வாங்கும்போது குழாயின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்தல் வேண்டும். இந்தியத் தர எண் ஐ.எஸ். 9573, ஐ.எஸ்.ஐ. முத்திரை, செய்தவர் பெயர், செய்த ஆண்டு ஆகியவை இருத்தல் அவசியம். அச்சு இல்லாத குழாய் எவ்வளவு மலிவாயினும் வேண்டா. எண்ணெய் நிறுவனங்கள் தம் முகவர் வழியே விற்கும் ‘சுரக்ஷா’ குழாய் எஃகுக் கம்பிப் பின்னல் உடையது. வீட்டு அடுப்புக்கு உரியது.

மற்றொன்றும் கருதத்தக்கது. வீட்டு ரெகுலேட்டர் வாயுவை ஏறத்தாழ 30 மில்லிபார் அழுத்தத்தில் விடுகிறது. பலருக்குச் சமைக்கும் பெரிய அடுப்புகளில் உயர் அழுத்த ரெகுலேட்டர் பொருத்துவதுண்டு. அங்கே அழுத்தம் பன்மடங்காகும். அதற்கு வீட்டுக் குழாயை மாட்டலாகாது; அவ்வழுத்தத்திற்கென்றே குறிக்கப்பட்ட குழாயை வாங்க வேண்டும்.

3. பொருத்தும் முறை

குழாயின் துளை, அடுப்பு முனைக்கும் ரெகுலேட்டர் முனைக்கும் இறுக்கமாகப் பொருந்த வேண்டும். முனை வரை முழுதும் ஏற்றித் துருவேறாத எஃகுக் கிளிப்பால் இறுக்குக. கட்டுக்கம்பியும் வலைக்கயிறும் கிளிப்பாகா.

குழாய் வேண்டிய அளவுக்கு மேல் நீளலாகாது. படகு ஆடும்போது விறைத்து இழுபடவும் கூடாது. இரு துண்டுகளை ஒட்டு வைத்து நீட்டுதல் ஆகாது. சுவரைத் துளைத்துக் கொண்டுபோக நேர்ந்தால், அங்கே நிலையான உலோகக் குழாயை அமைத்து, கடைசிப் பகுதிக்கு மட்டும் நெகிழ்குழாய் வைக்க வேண்டும். தீச்சுடரின் வெப்பமும் டீசலும் குழாயில் படலாகாது.

சிலிண்டர் இருக்குமிடமும் முக்கியம். சிறு கலங்களின் எரிவாயு அமைப்பிற்கான ஐ.எஸ்.ஓ. 10239 என்னும் பன்னாட்டுத் தரவிதியின் கருத்து யாதெனில், சிலிண்டர் திறந்த மேல்தளத்திலோ, அடியிலிருந்து கடற்பக்கம் வழிந்தோடும் துளையுள்ள பெட்டியிலோ இருக்க வேண்டும் என்பதே. அறைக்குள்ளே வைத்தல் கூடாது.

4. சோதனையும் மாற்றமும்

சவர்க்கார நுரையை இரு முனைகளிலும் குழாய் நெடுகிலும் தடவுக. குமிழி எழுந்தால் கசிவு உண்டு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. சமையல் முடிந்ததும் அடுப்புத் திருகோடு ரெகுலேட்டரையும் மூடுக. கசிவு தோன்றின் சிலிண்டரை அடைத்து, திறப்புகளை எல்லாம் திறந்துவிட வேண்டும். மின்விசை எதையும் போடவோ அணைக்கவோ, எஞ்சினை முடுக்கவோ கூடாது.

சுரக்ஷா குழாய்க்கு ஐந்தாண்டு ஆயுள் குறிக்கப்பட்டுள்ளது. அது வீட்டுக் கணக்கு. கடலில் வெயிலும் உப்பும் குழாயை விரைவில் மூப்படையச் செய்யும். வெளியுறை கீறினால் உட்கம்பி துருப்பிடிக்கும். மடக்கிப் பார்க்கையில் வெடிப்புத் தெரிந்தாலும், விறைத்தாலும், ஊதினாலும், முனை தளர்ந்தாலும் ஆண்டு பாராமல் மாற்றிவிட வேண்டும். கெட்ட முனையை வெட்டிவிட்டு எஞ்சியதை மாட்டுவது சிக்கனமன்று.

5. சங்கம் செய்யத்தக்கது

ஒருவர் கேட்டால் கடைக்காரர் இருப்பதைத் தருவார். பலர் சேர்ந்து கேட்டால் தரமானதைத் தருவார். சங்கப் பண்டகசாலை முத்திரையுள்ள குழாயையும் கிளிப்பையும் மொத்தமாக வாங்கி, விற்ற நாளை ஏட்டில் குறித்து, கெடு முடியும் முன் உறுப்பினருக்கு நினைவூட்டலாம். கரையோர மீனவர் சங்கங்களுக்கும் இதை எடுத்துரைப்போமாக. ஒரு குழாயின் விலை பெரிதன்று. அதை நம்பிக் கடலில் உறங்குவோர் பலர்.

படிப்பு வட்டத்திற்கான வினாக்கள்

1. கசிந்த வாயு படகில் எங்கே தங்கும்? ஏன்?
2. மருந்து தெளிக்கும் குழாயை எரிவாயுவுக்குப் பயன்படுத்தலாகாதது ஏன்?
3. உங்கள் வீட்டுக் குழாயில் அச்சிட்டுள்ள ஆண்டு யாது? இன்றே பார்த்து வந்து கூறுக.