மோட்டார் வண்டியின் முகப்புப் பலகைக்குப் பின் கேட்கும் நீரோசை

கேரளத்தின் தென்கோடியில், பாறசாலை, நெய்யாற்றங்கரை ஆகிய ஊர்களை அடுத்த எல்லையோரக் கிராமங்கள் ஆண்டில் இருமுறை பருவமழை பெறுகின்றன. ஜூன் மாதத்தில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், அக்டோபர், நவம்பர் மாதங்களின் வடகிழக்குப் பருவமழையும் இப்பகுதியை நனைக்கின்றன. இடையே ஏப்ரல், மே மாதங்களில் இடியுடன் கூடிய கோடை மழையும் உண்டு. ஆதலின் காற்றில் ஈரம் குறைந்திருக்கும் நாட்கள் இங்கு மிகச் சிலவே. செங்கல், காரோடு, குன்னத்துக்கால், வெள்ளறடை முதலிய ஊர்ச் சாலைகளில் கே.எல். 19 என்ற எண்ணுடைய வண்டிகளும், மார்த்தாண்டத்தின் டி.என். 75 என்ற எண்ணுடைய வண்டிகளும் கலந்தே ஓடுகின்றன. இவ்வண்டிகளுள் ஒன்று வளைவில் திரும்பும்போதோ பிரேக் அழுத்தப்படும்போதோ, டாஷ்போர்டு எனப்படும் முகப்புப் பலகைக்குப் பின்னால் குடத்து நீர் தளும்புவது போன்ற ஓசை எழுவதுண்டு. களப்பணிக்கு வண்டியில் செல்லும் ஊழியர்கள் இதன் காரணத்தை முறைப்படி ஆராய்ந்தறிதல் அவசியமாகும். ஏனெனில் ஓசை ஏறத்தாழ ஒன்றாயினும் அதனை எழுப்பும் நீர் மூவகைப்பட்டது. அவற்றுள் ஒன்று கவனிக்கப்படாதுபோயின் எஞ்சினையே அழித்துவிடும்.

நிறைந்த குடம் தளும்புவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. பாத்திரத்தில் நீருக்கு மேல் காற்றுக்கு இடமிருந்தால்தான் நீர் அசைந்து ஓசையிடும். ஆகவே முகப்புப் பலகைக்குப் பின் நீரோசை கேட்குமாயின், நீர் தேங்கக் கூடாத இடத்தில் நீர் தேங்கியிருத்தல் வேண்டும். அன்றேல், நீர் நிறைந்திருக்க வேண்டிய இடத்தில் காற்றுப் புகுந்திருத்தல் வேண்டும். ஆராய்ச்சி முழுவதும் இவ்விரண்டில் எது என்று துணிவதிலேயே அடங்கியுள்ளது.

முதலாவதாகக் கருதத்தக்கது குளிர்சாதனத்தின் நீர். குளிர்சாதனம் என்றவுடன் குளிர்ச்சியே பலர் நினைவுக்கு வரும். ஆயினும் 1902ஆம் ஆண்டில் வில்லிஸ் காரியர் என்னும் அமெரிக்கப் பொறியியலார் இதனை வகுத்தது, புரூக்ளின் நகரத்து அச்சகம் ஒன்றில் காகிதம் ஈரத்தால் விரிந்து சுருங்குவதைத் தடுப்பதற்கேயாம். காற்றிலுள்ள நீரைப் பிரித்தெடுத்தல் அதன் பிறவிக் குணம். பாக்கார்டு நிறுவனம் தன் 1940ஆம் ஆண்டு வண்டிகளில் இதனைப் பொருத்தியபோது, காற்றைக் குளிர்விக்கும் சுருளைப் பின்புறச் சாமான் அறையில் வைத்தது. முழுச் சாதனத்தையும் வண்டியின் முற்பகுதியில் அடக்கும் முறையை 1954இல் நாஷ் நிறுவனம் கொணர்ந்தது. இன்றைய கார்களிலும் ஆவியாக்கி எனப்படும் குளிர்ச்சுருள் முகப்புப் பலகைக்குப் பின்னுள்ள பிளாஸ்டிக் பெட்டியினுள் அமைந்திருக்கிறது.

இப்பெட்டியில் எவ்வளவு நீர் சேரும் என்பதை ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியை ஏற்கவல்லது. ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதமாயின் அதில் உள்ள நீராவி 24 கிராம். அதே காற்று 10 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்டால் 9 கிராமுக்குச் சற்று மிகுதியாகவே தாங்கும். எஞ்சிய 15 கிராம் சுருளின் மேல் பனித்துளியாகப் படிந்து கீழே சொட்டும். காற்றுவீசி மணிக்கு 200 கனமீட்டர் வெளிக்காற்றை உள்ளிழுப்பதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்தில் மூன்று லிட்டர் நீர் சேர்தல் வேண்டும். உட்காற்றையே மீண்டும் சுழலவிடும் நிலையில் அக்காற்று விரைவில் உலர்ந்துவிடுவதால் அளவு வெகுவாகக் குறையும். பாலைநிலத்துக் கோடையில், 40 டிகிரி வெப்பமும் 15 சதவீத ஈரப்பதமும் உள்ள வெளிக்காற்றில் இருப்பது 8 கிராமுக்கும் குறைந்த நீராவியே. அது 10 டிகிரிக்குக் குளிர்ந்தாலும் ஒரு துளியும் படியாது. ஒரே வண்டி இராஜஸ்தானத்துக் கோடையில் மௌனமாக ஓடிப் பாறசாலையில் நீரோசை எழுப்புவது இதனாலேயாம்.

சேர்ந்த நீர் பெட்டியின் அடியிலுள்ள வடிகுழாய் வழியே வண்டிக்கு வெளியே சொட்டுதல் இயல்பு. இக்குழாய் விரற்பருமனே உடையது. காற்றுடன் வரும் தூசியும் இலைத்துகளும், சுருளின் ஈரத்தில் வளரும் பாசி போன்ற வழுவழுப்பும் இதில் படிந்து அடைத்துக்கொள்ளும். செம்மண் சாலைகளில் ஓடும் வண்டிகளில் கீழிருந்து தெறிக்கும் சேறும் குழாயின் வாயை மூடும். மண்கூடு கட்டும் குளவி இத்தகைய சிறு துளைகளைப் பெரிதும் விரும்பும். குளவிதானே என்று இதனை எளிதாகக் கருதுதற்கில்லை. 1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாட்டா நகரிலிருந்து எழுந்த விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து 189 பேர் மாண்டனர். வேகம் அளக்கும் சிறு குழாய் அடைபட்டிருந்தது; குளவிக் கூடே அவ்வடைப்பாக இருக்கலாம் என விசாரணையாளர் கருதினர். காரில் நிகழும் தீங்கு அத்துணைப் பெரிதன்றாயினும் இயற்கை ஒன்றே.

குழாய் அடைபட்டால் நீர் பெட்டியில் தேங்கி, வண்டி அசையுந்தோறும் ஒருபுறமிருந்து மறுபுறம் மோதும். 25 சென்டிமீட்டர் நீளமுள்ள பெட்டியில் 3 சென்டிமீட்டர் ஆழம் நீர் நின்றால், அலை ஒருமுறை சென்று மீளச் சுமார் ஒரு நொடி ஆகும். ஆதலால் வண்டி நின்ற பின்னரும் இரண்டு மூன்று நொடிகள் 'தளக், தளக்' என்னும் ஓசை நொடிக்கு ஒன்றாகக் கேட்டு ஓயும். இது சிறந்த அடையாளம். நீர் மட்டம் மேலும் உயர்ந்தபின் வளைவுகளில் அது வழிந்து, இடப்புறப் பயணியின் காலடியில் விழும். விரிப்பின் அடியிலுள்ள பஞ்சு போன்ற பகுதி அந்நீரை நாட்கணக்கில் தேக்கி வைக்கும். மேல்விரிப்பு உலர்ந்திருப்பதைக் கண்டு ஏமாறலாகாது. விரிப்பைத் தூக்கி அடியில் கையால் அழுத்திப் பார்த்தலே முறை. ஈரம் நிலைத்தால் தரைத் தகடு துருப்பிடிக்கும். பூஞ்சணம் வளர்ந்து, அதன் நுண்விதைகள் காற்றுடன் வீசப்பட்டு, மூச்சிளைப்பு உடையோர்க்குத் துன்பம் தரும். பல வண்டிகளில் காற்றுப்பைகளை இயக்கும் மின்னணுப் பெட்டி முன்னிருக்கைகளுக்கு நடுவே, தரையை ஒட்டியே உள்ளது. அங்கு நீர் புகுதல் உயிர்க்காப்புக்கே ஊறாகும்.

சோதனை எளிது. மழையில்லாத பொழுதில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, வெளிக்காற்றை ஏற்கும் நிலையில் குளிர்சாதனத்தை இருபது நிமிடம் இயக்குதல் வேண்டும். இப்பகுதியின் ஈரக்காற்றில் அதற்குள் எஞ்சின் அறைச் சுவரை ஒட்டிக் கீழே தெளிந்த நீர் சொட்டியே தீரும். வண்டியடியில் நீரைக் கண்டு அஞ்சுவோர் பலர். உண்மையில் அஞ்சத்தக்கது அங்கு நீர் சொட்டாமையே. அடைப்பை நீக்குகையில் வடிகுழாயின் வெளிவாயில் மெல்லிய நைலான் இழையைச் செலுத்துதல் நலம். விறைத்த கம்பி உள்ளே சென்றால் குளிர்ச்சுருளின் மெல்லிய அலுமினியத்தைத் துளைத்து, சிறு செலவைப் பெருஞ்செலவாக்கிவிடும். அழுத்தக் காற்றை மிகுந்த விசையுடன் செலுத்தினால் குழாய் உட்பொருத்திலிருந்து கழன்றுபோகக் கூடும். ஜாக்கி ஒன்றையே நம்பி வண்டிக்கு அடியில் படுத்தல் ஒருபோதும் கூடாது.

இரண்டாவது நீர் எஞ்சினைக் குளிர்விப்பது. கேரளத்தில் காருக்குச் சூடேற்றி எதற்கு என்று கேட்போர் உண்டு. தேவை இல்லையாயினும், பெரும்பாலான கார்களில் அது குளிர்ச்சுருளின் அருகிலேயே பொருத்தப்பட்டுள்ளது. அதனைப் பயன்படுத்தாத போதும் பல வண்டிகளில் எஞ்சினின் சுடுநீர் அதனூடே ஓடிக்கொண்டேயிருக்கும். சுற்றோட்டத்தில் உயர்ந்த இடங்களுள் அதுவும் ஒன்றாதலால், நீர் குறைந்து காற்றுப் புகுந்தால் அக்காற்று அங்குச் சென்று தங்கும். அப்போது எழுவது தளும்பலோசை அன்று. வாய்க்கால் மடையில் நீர் சலசலப்பது போன்ற ஓசையாம். காலையில் எஞ்சினை இயக்கியவுடனும், ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் இது மிகும். ஏனெனில் எஞ்சினின் வேகத்துக்கேற்ப நீர்ப்பம்பு விரைகிறது. குளிர்சாதனத்தை நிறுத்தினாலும் இது மாறாது. பிரேக்குக்கு விடையளிக்கும் ஓசை தேங்கிய நீரினுடையது என்றும், ஆக்சிலரேட்டருக்கு விடையளிக்கும் ஓசை ஓடும் நீரினுடையது என்றும் கொள்ளலாம்.

இந்த இரண்டாம் ஓசை கேட்டபின் வண்டியைத் தொலைவுக்கு ஓட்டுதல் தகாது. வெப்பத்தை அளக்கும் உணர்கருவி நீரில் மூழ்கியிருக்கும்போதே சரியான அளவைக் காட்டும். நீர் இறங்கி அது காற்றில் நின்றால், எஞ்சின் கொதித்திருக்கையிலும் முள் அதனைக் காட்டாதிருக்கலாம். அலுமினியத்தாலான சிலிண்டர்த் தலை அவ்வெப்பத்தில் கோணிவிடும். முள் ஏறவில்லை என்று காட்டாக்கடைச் சாலையின் ஏற்ற இறக்கங்களில் வண்டியைச் செலுத்தும் ஓட்டுநர், அளவுகருவியை நம்பியே எஞ்சினை இழக்கிறார்.

எஞ்சின் முழுதும் ஆறிய பின்னரே, எனின் இரவு நின்ற வண்டியில் காலையில், சேமக்கலத்தின் நீர்மட்டத்தை நோக்குதல் வேண்டும். சூடாயிருக்கும்போது ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் பேராபத்து. மூடியின் அழுத்தத்தால் உள்ளிருக்கும் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாதிருக்கும்; ஒரு வளிமண்டல அளவு மிகை அழுத்தத்தில் தூய நீரின் கொதிநிலை ஏறத்தாழ 120 டிகிரி. மூடி திறந்த கணத்தில் அழுத்தம் நீங்கவே, நீர் ஒருங்கே ஆவியாகிப் பீறிட்டு முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

மட்டம் குறைந்திருந்தால் நீர் எங்குச் சென்றது என்பதே அடுத்த வினா. அண்மையில் கூலன்ட் மாற்றப்பட்டிருப்பின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாது விட்டமையே காரணமாகலாம். பட்டறையில் அதனைப் போக்குவது சிறு வேலை. ரப்பர்க் குழாய்களின் இணைப்பில் கசிவு இருப்பின் அதன் வண்ணக் கறையே காட்டிக்கொடுக்கும். கசிவு எங்கும் காணாது, மட்டம் மட்டும் மீண்டும் மீண்டும் குறைந்து ஓசையும் திரும்ப வருமாயின், ஹெட் கேஸ்கெட் பழுதுற்று எரிவாயு நீருக்குள் புகுகின்றதோ என ஐயுறல் வேண்டும். கடலோரக் கிணறுகளின் நீர் உப்பேறியிருக்கக் கூடுமாதலின் அதனை ரேடியேட்டரில் ஊற்றுதல் உலோகத்தை அரிக்கும். வாலைவடி நீரும் உரிய கூலன்டும் கலந்து ஊற்றுதலே தக்கது.

மூன்றாவது நீர் மழைநீர். முன்கண்ணாடியின் அடியில், வைப்பர்கள் பொருந்திய பள்ளத்தின் இரு ஓரங்களிலும் வடிகால் துளைகள் உண்டு. ரப்பர் மரங்கள் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலையுதிர்க்கின்றன; தோட்டத்து நிழலில் நிறுத்தப்படும் வண்டியின் பள்ளத்தில் அவ்விலைகள் நிரம்பி, கோடை மழையின் முதல் நாளிலேயே நீர் தேங்கும். புளிய இலை இன்னும் கொடியது. சிறிதாயினும் துளையினுள் புகுந்து ஒட்டிக்கொள்ளும். மழை பெய்த மறுநாள் மட்டும் ஓசை கேட்டால், வேறெதையும் கழற்றுமுன் இப்பள்ளத்தைக் கையால் துடைத்தெடுத்தல் வேண்டும்.

காலடியில் நீர் காணப்பட்டால், வெண்ணிறத் துணியில் அதனை ஒற்றியெடுத்தால் வகை தெரியும். நிறமின்றித் தெளிந்திருப்பின் குளிர்சாதனத்து நீர். மண்ணும் இலைத்துகளும் கலந்திருப்பின் மழைநீர். பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிறமும், பிசுபிசுப்பும், இனிய மணமும் இருப்பின் கூலன்ட். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. நாவிலிட்டுச் சோதித்தல் ஆகாது. குழந்தைகளும் நாய்களும் அதனை அணுகாமல் காத்தல் வேண்டும். குளிர்சாதனத்து நீரும், தோற்றத்தில் வாலைவடி நீரை ஒத்திருப்பினும், உலோகத்துகளும் பூஞ்சணமும் கலந்ததாதலின் மின்கலத்தில் ஊற்றத்தக்கதன்று.

குளிர்சாதனத்தை நிறுத்தியவுடன் சில நொடிகள் மட்டும் கேட்கும் 'குளுகுளு' ஓசை நோயன்று. குழாய்களில் உள்ள குளிர்ப்பொருள் உயர் அழுத்தப் பகுதியிலிருந்து தாழ் அழுத்தப் பகுதிக்குப் பாய்ந்து சமனாவதே அது. குளிர்ச்சியும் குன்றி, ஓசையும் இடைவிடாது கேட்டால், குளிர்ப்பொருள் குறைந்துள்ளதெனக் கொண்டு பட்டறையை நாடலாம்.

இறுதியாக, செவி ஏமாறுவதும் உண்டு. கதவின் அடியிலுள்ள சிறு துளைகள் சேற்றால் அடைபட்டால், கண்ணாடி ஓரமாக இறங்கும் மழைநீர் கதவுக்குள்ளேயே நின்று தளும்பும். உள்ளிருப்போர்க்கு அது முகப்பிலிருந்து வருவதாகவே தோன்றும். வண்டியை நிறுத்திக் கதவை மட்டும் சற்று வேகமாக ஆட்டிப் பார்த்தால் உண்மை விளங்கும். ஒரு தீக்குச்சி நுழையும் துளையைத் திறந்துவிட்டால் நீர் முழுதும் வடிந்துவிடும்.