தீவனப் பையும் திரும்பி வர வேண்டிய பணமும்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் மட்டுமல்ல, ஆலங்குடி, அறந்தாங்கிக் கடைத்தெருக்களிலும் இன்று நாய்க்கும் பூனைக்கும் பை பையாகத் தீவனம் கிடைக்கிறது. மிஞ்சிய சோற்றில் நாய் வளர்த்த வீடுகள் மாதாமாதம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கின்றன. ‘திருப்தி இல்லையென்றால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்’ என்று பையில் அச்சிட்டிருப்பதை நம்பித்தான் பலர் புதுக் கம்பெனித் தீவனத்துக்கு மாறுகிறார்கள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டால் சண்டை ஆரம்பிக்கிறது. கடைக்காரர் கம்பெனியைக் கேள் என்பார், கம்பெனி கடையைக் கேள் என்னும்.

திருக்கோகர்ணத்தில் நாய்களோடு வாழ்கிறவன் நான். எனக்காகவும் அக்கம்பக்கத்தாருக்காகவும் இந்தப் பணத்தைக் கேட்டு வாங்கிய அனுபவம் உண்டு. அதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பிடிக்கவில்லையா, கெட்டுப்போயிருக்கிறதா?

இதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு வழக்கு.

நாய்க்குப் பிடிக்கவில்லை என்றால், நீங்கள் கேட்பது கம்பெனி தானாக முன்வந்து கொடுத்த வாக்கை. அங்கே அவர்கள் போட்ட நிபந்தனைகளுக்கு மதிப்பு உண்டு: வாங்கிய இத்தனை நாளுக்குள் கேட்க வேண்டும், பாதிக்கு மேல் தீவனம் மிச்சமிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு ஒரு முறைதான் என்பது போல.

தீவனம் கெட்டுப்போயிருந்தால் எந்த வாக்கும் தேவையில்லை, சட்டமே போதும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதன் 2(47) பிரிவு சொல்கிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பது இந்த உரிமையைப் பறிக்காது.

இரண்டையும் கலந்து பேசினால் காரியம் கெடும். “சாப்பிடவே மாட்டேங்குது சார், ஏதோ வாடையும் அடிக்குது” என்று போனில் சொன்னால், அவர்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு “ருசி நாய்க்கு நாய் மாறும்” என்று முடித்துவிடுவார்கள். ஒரு கோடைக்காலத்தில் நான் வாங்கிய பையைப் பிரித்ததும் எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தது. நாய் சாப்பிட்டதா இல்லையா என்ற பேச்சையே நான் எடுக்கவில்லை. காலாவதி தேதிக்கு முன்பே சிக்குப் பிடித்திருக்கிறது, பேட்ச் எண் இது, படம் இது என்று மட்டும் எழுதினேன். அதற்கு அவர்களால் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல முடியவில்லை. பணம் வந்தது.

வாக்குக் கொடுத்தது யார்?

பையில் அச்சிட்ட உத்தரவாதம் தயாரிப்பாளருடையது. அதைக் கடைக்காரரிடம் மட்டும் கேட்டுச் சண்டை போடுவதில் பயனில்லை. “பிடிக்கலைன்னா கொண்டு வாங்கண்ணே, மாத்தித் தரேன்” என்று வாயால் சொன்னது கடைக்காரர் கொடுத்த வாக்கு. அதை வாங்கும்போதே பில்லின் பின்னால் ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் தயங்க மாட்டார்.

ஆன்லைனில் வாங்கும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். தீவனத்துக்கு நேராகத் ‘திரும்பப் பெற இயலாது’ என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால், அதைத் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். சாட் பெட்டியில் மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு அவருக்கே எழுதுங்கள்.

பை, பில், மிச்சம்

நம் வீடுகளில் எறும்புக்குப் பயந்து தீவனத்தை டப்பாவில் கொட்டிவிட்டுப் பையை எறிந்துவிடுகிறோம். பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதித் தேதி, நுகர்வோர் தொடர்பு எண் எல்லாம் அந்தப் பையோடு போய்விடுகின்றன. பையோடு சேர்த்தே டப்பாவுக்குள் இறக்கி வையுங்கள். மேல் ஓரத்தை மட்டும் நேராக வெட்டுங்கள். அச்சிட்ட இடத்தைக் கிழிக்காதீர்கள்.

பேட்ச் எண்ணின் அருமையை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. 2007இல் அமெரிக்காவில் மெலமைன் கலந்த மாவினால் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன. 2020 கடைசியில் அங்கேயே மக்காச்சோளத்தில் வரும் பூஞ்சை நஞ்சான அஃப்லடாக்சினால் நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் மாண்டன. பையிலிருந்த எண்ணையும் தேதியையும் வைத்துத்தான் தன் வீட்டுத் தீவனமும் அதில் அடக்கமா என்று ஒவ்வொருவரும் தெரிந்துகொண்டார்கள். ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கம் கடலை போடுகிறவர்களுக்கு இந்த நஞ்சைப் பற்றி விளக்க வேண்டியதில்லை; ஈரம் காயாத கடலையில் வருவதும் இதே பூஞ்சைதான்.

அதனால்தான் பெரிய பையைப் பிரித்துக் கிலோக் கணக்கில் விற்கும் லூஸ் தீவனத்தை நான் வாங்குவதில்லை. விலை குறைவுதான். ஆனால் எந்தப் பேட்ச், என்று பிரித்தது, எத்தனை நாள் வெயிலில் இருந்தது என்று எதுவும் தெரியாது. அதற்கு எந்தக் கம்பெனியும் பொறுப்பேற்காது.

துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் கிறுக்கித் தந்தால் வாங்காதீர்கள். பில் தர மறுப்பதும் அதே 2(47) பிரிவில் வருகிற குற்றச்சாட்டுத்தான். பணத்தை யூபிஐயில் செலுத்துங்கள். அதுவும் ஒரு சாட்சி.

எடுத்த எடுப்பில் மாற்றாதீர்கள்

புதுத் தீவனத்தைப் பழையதோடு கால் பங்கு, அரைப் பங்கு என்று கலந்து ஒரு வாரம் முதல் பத்து நாளில் மாற்ற வேண்டும். ஒரே நாளில் மாற்றினால் நல்ல தீவனத்துக்கே நாய்க்குக் கழிச்சல் வரும். நீங்கள் புகார் செய்யும்போது கம்பெனி கேட்கும் முதல் கேள்வி “எப்படி மாத்தினீங்க?” என்பதுதான். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வைத்தால் அந்தக் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால்

முதலில் தீவனத்தை நிறுத்துங்கள். அரசுக் கால்நடை மருத்துவமனைக்கோ ஊரிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கோ கொண்டுபோங்கள். எந்தத் தீவனம், எப்போதிலிருந்து, என்னென்ன அறிகுறி என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கம்.

மிச்சத் தீவனத்தில் ஒரு பகுதியைக் காற்றுப் புகாத பையில் கட்டித் தேதி எழுதிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. வழக்கு என்று வந்தால் நுகர்வோர் குறைதீர் ஆணையமே மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பச் சட்டத்தில் வழி உண்டு. மாதிரி மிஞ்சியிருந்தால்தான் அது நடக்கும்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்பதற்கானது. விலங்குத் தீவனம் அதன் வரையறைக்குள் வராது. அங்கே போய் நாளைக் கடத்த வேண்டாம்.

புகார் போகும் பாதை

பையிலுள்ள எண்ணுக்குப் போன் செய்வதோடு நிறுத்தாமல், அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்புங்கள். வாங்கிய நாள், கடை, விலை, பேட்ச் எண், குறை என்ன, என்ன வேண்டும் என ஆறு விவரம் போதும். கோபமாக ஒரு சொல்லும் வேண்டாம். உங்கள் கடிதத்தைப் பிற்பாடு ஆணையம் படிக்கும் என்று நினைத்து எழுதுங்கள்.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. அவர்கள் தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். கம்பெனிக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். பிடிக்காத தீவனத்துக்கான என் பணம் இந்தப் படியிலேயே வந்துவிட்டது. அதுவரை பதிலே போடாத கம்பெனி தானே கூப்பிட்டு வங்கி விவரம் கேட்டது.

அதற்கும் மசியாவிட்டால் விரைவுத் தபாலில் ஒரு நோட்டீஸ், பிறகு புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி மும்பையில் இருந்தாலும் பதில் சொல்ல வேண்டியது இங்கேதான். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தீவன விலையோடு மருத்துவச் செலவையும் மன உளைச்சலுக்கான இழப்பீட்டையும் கேட்கலாம்.

குட்டி விற்பதற்காக நாய் வளர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இது வணிக நோக்கம், இவர் நுகர்வோரே அல்ல’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகச் செய்யும் சுயதொழிலுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அதைப் புகாரிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

கடைக்காரர் எதிரி அல்லர்

சின்ன ஊரில் நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும். “உங்க மேல தப்பு இல்லண்ணே, டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட இந்தப் பேட்சைச் சொல்லுங்க, நானும் கம்பெனிக்கு எழுதுறேன்” என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான கடைக்காரர்கள் நம் பக்கம் நிற்பார்கள். அதே பேட்சில் வேறு யாராவது குறை சொன்னார்களா என்பதும் அவர் வழியாகத்தான் தெரியவரும்.

“ஆயிரம் ரூபாய்க்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்?” என்று கேட்பவர்கள் நிறைய. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் ஆயிரம் ரூபாய் சின்னத் தொகை அல்ல. அலைச்சல் என்றே பெரும்பாலோர் கேட்காமல் விடுவதால்தான் சில கம்பெனிகள் பையில் துணிந்து வாக்குக் கொடுக்கின்றன. இன்னொன்றும் உண்டு. 2020இல் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஆபத்தான பொருளைச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறவும், வாங்கியவர்களுக்குப் பணத்தைக் கொடுக்கவும் உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. ஒரே பேட்சைப் பற்றிப் பல ஊர்களிலிருந்து புகார் போனால்தான் அந்த அதிகாரத்துக்கு வேலை வரும். தனக்கு என்ன செய்கிறது என்று நாய் வாய்திறந்து சொல்லாது. அதற்காக நாம்தான் எழுத வேண்டும். எழுதும்போது பேட்ச் எண்ணை முதல் வரியில் போடுங்கள்.