ஊதியம் நின்றாலும் தவணை நிற்காது

2019 ஏப்ரல் 17ஆம் நாள் ஜெட் ஏர்வேஸ் தன் சேவையை நிறுத்தியது. சிறு நகரங்களை இணைக்கும் ஏடிஆர் 72 விமானங்களை ஓட்டியவர்களும் அன்று வேலையிழந்தோருள் அடங்குவர். நிறுவனம் வீழ்ந்தாலும் விமானியின் உரிமம் எஞ்சியிருக்கும். எனினும் வேறு வேலை உடனே அமைவதில்லை. ஏன்?

விமானியின் தகுதி, அவர் ஓட்டும் விமான வகையோடு பிணைந்தது. ஏடிஆர் ஓட்டியவர் ஏர்பஸ் ஏ320 ஓட்ட, 'டைப் ரேட்டிங்' எனும் தனித்தகுதி பெற வேண்டும். அதற்குப் பல வாரப் பயிற்சியும் பெருஞ்செலவும் ஆகும்.

நிலுவை ஊதியமும் விரைந்து வாராது. 2016ஆம் ஆண்டின் நொடிப்பு, திவால் சட்டப்படி நிறுவனம் கலைக்கப்படுங்கால், 'தொழிலாளர்' எனும் வரையறைக்குள் வராத பணியாளரின் 12 மாத நிலுவை, பிணையம் பெற்றுக் கடனளித்தோருக்கு அடுத்த வரிசையிலேயே நிற்கிறது. ஜெட் ஏர்வேஸைக் கலைக்குமாறு உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது 2024 நவம்பரில்தான். இடையில் ஐந்தாண்டுகளுக்கு மேல் கழிந்துவிட்டன.

பயிற்சிக்கென வாங்கிய கடனின் தவணையோ மாதந்தோறும் வரும். ஆகவே அவசரகாலச் சேமிப்பைத் திட்டமிடுவோர், "மாதச் செலவு எவ்வளவு?" என்பதோடு, "என் திறனை வேறோர் இடத்திற்கு ஏற்றதாக்க எத்தனை மாதங்கள் ஆகும், அதற்கு என்ன செலவாகும்?" என்றும் கணக்கிடுதல் வேண்டும். ஊதியம் உயர்ந்ததாயினும் ஒரே திறனை நம்பி வாழும் எவருக்கும் இக்கணக்கு பொருந்தும்.