பயிற்றுநர் போற்றும் பண்பு

பள்ளிப் படிப்பை முடித்துச் செல்லும் மூத்த விளையாட்டு மாணவரைப் பயிற்றுநர் பாராட்டும்போது, வென்ற கோப்பைகளை மட்டும் எண்ணிச் சொல்வதில்லை. அம்மாணவர் எவ்வாறு வென்றார், தோற்றபோது எவ்வாறு நடந்துகொண்டார், இளையோருக்கு எதைக் கற்றுத் தந்தார் என்பனவற்றையே முதன்மையாக எடுத்துரைக்கிறார். சித்தூரிலும் திருப்பதியிலும் பயிலும் மாணவருக்கும், உலக அரங்கில் ஆடும் வீரருக்கும் இவ்வளவுகோல் ஒன்றே.

டென்னிஸ் ஆட்டம் இப்பண்பை வெளிப்படுத்த ஏற்றது. பள்ளி அளவிலான போட்டிகள் பல, நடுவர் இன்றியே நடைபெறுகின்றன. அப்போது பந்து கோட்டிற்கு உள்ளே விழுந்ததா, வெளியே விழுந்ததா என்பதை, வலைக்குத் தம் பக்கத்தில் விழும் பந்துக்கு ஆடுபவரே கூற வேண்டும். ஐயம் ஏற்படின், பந்து உள்ளே விழுந்ததாகவே கொண்டு புள்ளியை எதிராளிக்கு அளிப்பது மரபு. ஒரு சொல்லால் புள்ளியைத் தமதாக்கிக்கொள்ள வாய்ப்பிருந்தும் உண்மையைக் கூறும் மாணவரைப் பயிற்றுநர் கவனிக்கிறார். பார்வையாளர் எவரும் அறியாத அந்த நேர்மையே பின்னாளில் பாராட்டுரையாக மலர்கிறது.

இதற்குச் சிறந்த சான்றாக விளங்குபவர் இராமநாதன் கிருஷ்ணன். இவர் 1937ஆம் ஆண்டு நாகர்கோவிலில் பிறந்தார். இவருடைய தந்தை டி.கே. இராமநாதனே இவருக்குப் பயிற்றுநர். கிருஷ்ணன் பள்ளி மாணவராக இருந்தபோது, கல்லூரி மாணவர்க்கு மட்டுமே உரிய பெர்ட்ரம் போட்டியில் ஆட விரும்பினார். சென்னை இலயோலாக் கல்லூரி முதல்வர் அவருக்குச் சிறப்பு அனுமதி வழங்கினார். அந்நம்பிக்கையைக் காத்த கிருஷ்ணன், 1951இல் அப்போட்டியில் வெற்றி பெற்றார். 1954இல் விம்பிள்டன் இளையோர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் என்னும் பெருமையும் பெற்றார். பின்னர் 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் விம்பிள்டன் ஆடவர் பிரிவில் அரையிறுதி வரை முன்னேறினார்.

அவருடைய பண்பைச் சோதித்த நிகழ்வு 1959இல் நேர்ந்தது. அமெரிக்காவின் ஜாக் கிராமர், தொழில்முறை ஆட்டக்காரராக மாறினால் மூன்று ஆண்டுகளுக்கு 1,50,000 டாலர் தருவதாகக் கூறினார். அக்காலத்தில் அது மிகப் பெருந்தொகை. ஆனால் தொழில்முறை வீரர்கள் அந்நாளில் விம்பிள்டனிலோ, நாடுகளுக்கிடையே நடைபெறும் டேவிஸ் கோப்பைப் போட்டியிலோ பங்கேற்க இயலாது. விம்பிள்டன் 1968இல்தான் அனைவருக்கும் பொதுவாயிற்று. பொருளா, நாட்டுக்காக ஆடும் உரிமையா என்ற வினா எழுந்தபோது, கிருஷ்ணன் பொருளை மறுத்தார்.

அம்முடிவின் பயனை 1966இல் நாடு கண்டது. கொல்கத்தாவில் பிரேசில் அணிக்கு எதிரான டேவிஸ் கோப்பை ஆட்டங்களில் இரு அணிகளும் 2–2 எனச் சமநிலையில் இருந்தன. இறுதி ஆட்டத்தில் தாமஸ் கோக் என்பவரை எதிர்கொண்ட கிருஷ்ணன், இரண்டு செட்டுகளை இழந்திருந்தார். நான்காம் செட்டிலும் 2–5 எனப் பின்தங்கினார். எனினும் மனம் தளராது ஆடி அந்த செட்டை 7–5 எனவும், அடுத்த செட்டை 6–2 எனவும் கைப்பற்றினார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குச் சென்றது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் 1–4 எனத் தோற்றபோதும், இந்தியாவின் ஒரே வெற்றியை இரட்டையர் ஆட்டத்தில் கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஈட்டினர்.

நாடு அவருக்கு 1961இல் அர்ஜுனா விருதும், 1962இல் பத்மஸ்ரீ விருதும், 1967இல் பத்மபூஷண் விருதும் அளித்துச் சிறப்பித்தது. பத்மபூஷண் அறிவிக்கப்பட்டபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். திருத்தணியில் பிறந்து, இளமையில் திருப்பதியில் பயின்று, ஆசிரியராக உயர்ந்த அப்பெருமகனாரின் காலத்தில் இச்சிறப்பு அமைந்தது பொருத்தமே.

‘நல்லவர்’, ‘வல்லவர்’ என்னும் பொதுச்சொற்கள் பாராட்டாகா. இன்ன நாளில், இன்ன சூழலில், இன்னது செய்தார் என்று சுட்டுவதே உண்மையான பாராட்டு. அத்தகைய பாராட்டு, பெறுபவருக்குப் பெருமையும் கேட்கும் இளையோருக்கு வழிகாட்டுதலும் ஆகும்.

அருஞ்சொற்பொருள்
ஐயம் – சந்தேகம்
ஈட்டினர் – பெற்றனர்
மரபு – வழிவழி வரும் முறை
தளராது – சோர்வடையாமல்

பயிற்சி
1. நடுவர் இல்லாத ஆட்டத்தில் ஐயம் ஏற்படின் புள்ளி யாருக்கு உரியது?
2. கிருஷ்ணன் பெருந்தொகையை மறுத்ததால் எவ்வுரிமையைக் காத்துக்கொண்டார்?
3. பிரித்து எழுதுக: பெருந்தொகை, அம்முடிவு, பாராட்டுரை.
4. எதிர்ச்சொல் தருக: வெற்றி, உண்மை, இளையோர்.
5. உம் பள்ளியின் மூத்த விளையாட்டு மாணவர் ஒருவரைப் பாராட்டிப் பயிற்றுநர் பேசுவதுபோல் பத்து வரிகள் எழுதுக. அவர் செய்த செயல் ஒன்றையேனும் குறிப்பிடுக.