பத்திரம் கைக்கு வரும் வரை

2022இல் வீட்டுக் கடனின் கடைசித் தவணையைக் கட்டிய கையோடு பத்திரத்தை வாங்கிவரலாம் என்று மஞ்சள் பையோடு வங்கிக்குப் போனேன். ‘அதெல்லாம் இங்க இல்ல சார், மெட்ராஸ்லேர்ந்து வரணும். வந்ததும் கூப்பிடுறோம்’ என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. நாலு மாதம் நடையாய் நடந்தேன். இப்போது அதே நடையை நடக்கவைத்தால், அவர்கள் எனக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டியிருக்கும். வீடு, கடன், கடை மூன்றிலும் விதிகள் அண்மையில் நிறைய மாறியிருக்கின்றன. அநேகமாக எல்லாமே நாள் கணக்குத்தான். பக்கத்தில் ஒரு காலண்டரை வைத்துக்கொண்டு படியுங்கள்.

கடன் இருப்பவர்களுக்கு

செய்யுங்கள்: கடன் தீர்ந்த தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி 2023 டிசம்பர் 1 முதல், முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்கள் அத்தனையும் கடன்தாரர் கைக்கு வந்துவிட வேண்டும். தாமதம் வங்கியால் நேர்ந்தால்தான் அந்த 5,000 ரூபாய். தேதிக்கு எழுத்து இல்லையென்றால் எதை வைத்து எண்ணுவீர்கள்? ஆவணம் தொலைந்துபோனால், நகல் எடுத்துத் தரும் வேலையும் செலவும் வங்கியுடையது. அதற்குக் கூடுதலாக 30 நாள் உண்டு. பத்திரம் கிடைத்ததோடு வீட்டுக்குத் திரும்பிவிடவும் வேண்டாம். அடமானத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருந்தால், அதைத் தீர்த்ததற்கான ரசீதையும் அங்கே பதியவைத்து, புதிதாக ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பலரும் இதை மறந்துவிட்டு, பத்து வருடம் கழித்து வீட்டை விற்கும்போது அலைகிறார்கள்.

செய்யுங்கள்: புதுக் கடன் என்றால் ‘கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்’ என்ற சீட்டைத் தமிழில் கேளுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கும் சிறுதொழில் கடனுக்கும் அது கட்டாயம். கடன்தாரருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதிதான். வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு உண்மையில் எத்தனை சதவீதம் என்று அதில் இருக்கும். அதில் சொல்லாத கட்டணத்தை, உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

செய்யாதீர்கள்: தவணை தவறியதற்கு ‘அபராத வட்டி’ போட்டிருந்தால் கேள்வி கேட்காமல் கட்டாதீர்கள். அபராதம் போடலாம். ஆனால் அதை வட்டி விகிதத்தோடு கூட்டக் கூடாது, அபராதத்தின் மேல் வட்டியும் ஏற்றக் கூடாது. 2024 ஏப்ரல் முதல் இதுதான் நிலை.

செய்யாதீர்கள்: ‘ஏலம்னு வரட்டும், அப்போ புரட்டிக் கட்டிக்கலாம்’ என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் பயம் தருவது இதுதான். அடமானச் சொத்தை வங்கி எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி முதலில் 60 நாள் நோட்டீஸ் வரும். அதற்குப் பதில் எழுதலாம், ஆட்சேபிக்கலாம், பேசலாம். அடுத்து சுவாதீனம் எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஏல அறிவிப்பு வெளியாகிவிட்டால், பணத்தைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை அத்தோடு போயிற்று. 2023 செப்டம்பரில் பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அங்கே ஏலம் எடுத்தவர் கொடுத்தது சுமார் 105 கோடி. கடன்தாரர் 129 கோடி கட்டத் தயாராக இருந்தார், உயர் நீதிமன்றமும் சரி என்றது. கூடுதல் பணம் வருகிறதே என்று வங்கியும் ஒத்துக்கொண்டது. அப்படியும் சொத்து ஏலதாரருக்கே போனது. 129 கோடிக்கே அந்தக் கதி என்றால், நம் மூன்று சென்ட் வீட்டுக்கு யார் இரங்குவார்கள்?

இடம் வாங்குவோர், விற்போர்

செய்யாதீர்கள்: ‘ரிஜிஸ்டர் ஆயிடுச்சு, இனி கவலையில்லை’ என்று நினைக்காதீர்கள். தாய்ப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த தமிழ்நாட்டின் 55ஏ(1) விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலையே இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணம். அப்படியானால் அது யார் வேலை? உங்கள் வேலை, உங்கள் வக்கீலின் வேலை. மூலப்பத்திரத்திலிருந்து ஒவ்வொரு கை மாறியதையும் பாருங்கள். பட்டாவையும் அளவையும் ஒத்துப்பாருங்கள். இதற்கு வக்கீல் கேட்கும் கட்டணத்தில் பேரம் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். புரோக்கருக்கு மட்டும் இரண்டு சதவீதத்தை முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள்.

செய்யாதீர்கள்: அட்வான்ஸை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகைக்குச் சமமாக அபராதம் வரும். பெங்களூரு நிலம் ஒன்றுக்கு 75 லட்சம் ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்ததாகச் சொல்லி வழக்காடியவர்களின் கதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வரை வந்தது. இரண்டு லட்சமும் அதற்கு மேலும் ரொக்கம் கொடுத்ததாக வழக்கில் யார் சொன்னாலும் வருமான வரித் துறைக்குத் தகவல் அனுப்ப வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது. பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டாலே வரித் துறை கதவைத் தட்டும்.

செய்யுங்கள்: வாங்கும் சொத்தின் விலை 50 லட்சத்தைத் தொட்டால், விற்பவருக்குத் தரும் பணத்தில் ஒரு சதவீதம் டிடிஎஸ் வரி பிடியுங்கள். அண்ணன் தம்பி நாலு பேர் சேர்ந்து வாங்கி, ‘ஆளுக்கு இருபது லட்சம்தானே’ என்று தப்பிக்கும் வழி 2024 அக்டோபரோடு அடைபட்டது.

செய்யுங்கள்: விற்பவர் 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய சொத்து என்றால், மூலதன ஆதாய வரியை இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். விலைவாசிக் குறியீட்டைச் சேர்த்து 20 சதவீதம், சேர்க்காமல் 12.5 சதவீதம். எது குறைவோ அதைக் கட்டலாம். இந்தச் சலுகை உள்நாட்டில் வசிக்கும் தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்தான். துபாயில் இருக்கும் மருமகன் பெயரில் இருக்கும் வீட்டுக்குக் கிடையாது.

கடை, பட்டறை வைத்திருப்பவர்களுக்கு

செய்யுங்கள்: குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு எடுத்தால் 15 நாளில் பணம் கொடுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். தாண்டினால், பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் கணக்கில் காட்ட முடியும். மார்ச் மாதக் கடைசியில் பாக்கி நின்றால் லாபம் ஏறித் தெரியும், வரியும் ஏறும். வாங்கி விற்கும் வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கிக்கு இது பொருந்தாது.

நீங்களே பட்டறைக்காரர் என்றால், குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லின் தலையிலும் அச்சடியுங்கள். பெரிய கம்பெனியின் கணக்குப் பிள்ளை மார்ச்சில் பாக்கிப் பட்டியலைப் புரட்டும்போது அவர் கண் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.